புகை கக்கும் பழைய மோட்டார் சைக்கிள்: எஞ்சினின் மேல்பாகத்தை நாமே திருத்துவோம்

(தோட்ட இளைஞர், யுவதிகளுக்கான ஒருநாள் தொழிற்பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, ஈரக் காலோடு நேரே இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

"மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பற்றிப் பேச இத்தனை பேரைக் கூப்பிடணுமா?" என்று வாசலில் ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நமது லயங்களின் கோடியில் நிற்கும் அந்தப் பழைய பைக் வெறும் இரும்பு அல்ல. நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மெயின் ரோட்டுக்கு இறங்குவது அதில்தான். மரக்கறி மூட்டை சந்தைக்குப் போவதும், பிள்ளை ஏ.எல். வகுப்புக்கு டவுனுக்குப் போவதும் அதில்தான். பல வீடுகளில், அப்பா பென்சன் எடுத்தபோது கையில் வந்த சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பகுதி அந்த வண்டியாகத்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதத்தில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியதை நீங்களே பார்த்தீர்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றோம். பிறகு பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அந்த நாட்களில், நல்ல எஞ்சின் வைத்திருந்தவன் நாலு தரம் டவுனுக்குப் போய் வந்தான். தேய்ந்த எஞ்சின் வைத்திருந்தவன் இரண்டே தரம் போனான். ஆகவே பழைய எஞ்சினைப் பிழைக்க வைக்கத் தெரிவது, அடுப்பில் விறகைச் சிக்கனமாக எரிக்கத் தெரிவதைப் போன்ற ஒரு குடும்ப வித்தை என்றே நாங்கள் சொல்வோம்.

ஒரு சங்கிலியின் கதை

சில காலத்துக்கு முன் ஒரு தாய் எங்கள் பட்டறைக்கு வந்தார். கூடவே அவருடைய மகன். மகன் பழைய ஹொண்டா 90 ஒன்றில் லயம் லயமாக மரக்கறி விற்கிற பையன். வண்டி நீலப் புகை கக்குகிறது. மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது. டவுனில் ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். "இது முடிஞ்சு போச்சு தம்பி, வேற எஞ்சின்தான் போடணும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாய் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதற்காகப் பஸ் ஏறும் வழியில், யாரோ சொல்லக் கேட்டு எங்களிடம் வந்தார்.

நாங்கள் கேட்ட முதல் கேள்வி: "திறந்து பாத்தாங்களா?"

"இல்லீங்க. புகையைப் பாத்ததும் சொல்லிட்டாங்க" என்றான் பையன்.

சங்கிலியைக் கழுத்திலேயே வைத்திருக்கச் சொன்னோம். இன்று நாங்கள் பேசப்போவது முழுக்க அந்த ஒரு வண்டியின் கதைதான். அதை வரிசையாகச் சொன்னால் எஞ்சினின் மேல்பாகத்தைத் திருத்தும் வேலை உங்களுக்கு விளங்கிவிடும்.

மேல்பாகம் என்றால் என்ன?

எஞ்சினை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். கீழ்ப்பாகத்தில் கிராங்க், கியர், கிளச் இருக்கின்றன. மேல்பாகத்தில் சிலிண்டர், பிஸ்டன், ரிங், ஹெட், வால்வுகள், வால்வைத் தள்ளும் கேம் ஆகியவை இருக்கின்றன. உரலும் உலக்கையும் நமக்குத் தெரியும். சிலிண்டர்தான் உரல், பிஸ்டன்தான் உலக்கை. உரலின் வாயை மூடுகிற மூடி ஹெட். அந்த மூடியில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று காற்றும் பெற்றோலும் உள்ளே வருவதற்கு, மற்றது எரிந்த புகை வெளியே போவதற்கு. அவைதான் வால்வுகள். உலக்கையைச் சுற்றி, காற்றுப் புகாமல் அடைத்து நிற்பவை ரிங்குகள்.

நெருப்பும் சூடும் அதிகம் படுவது இந்த மேல்பாகத்தில்தான். முதலில் தேய்வதும் இதுதான். கீழ்ப்பாகம் நல்லபடியாக இருக்கும்போது, மேல்பாகம் தேய்ந்ததற்காக முழு எஞ்சினையும் தூக்கி எறிவது, கூரைத் தகரம் ஒழுகுவதற்காக லயத்தையே இடிப்பது போலத்தான்.

இந்த ஹொண்டா 90 எஞ்சினின் கதை பெரியது. 1958இல் ஜப்பானில் வெளிவந்த சுப்பர் கப் வண்டியின் குடும்பம் இது. அந்த வகை வண்டிகள் 2017இல் பத்துக் கோடியைத் தாண்டின. இதே குடும்பத்து 90 எஞ்சினை வைத்துத்தான் 1970இல் ஹொண்டா கம்பனி, பலூன் போன்ற பெரிய டயர் மூன்று பூட்டி, சேற்றிலும் மணலிலும் காட்டிலும் ஓடக்கூடிய வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்றது. இன்று வெளிநாட்டுப் பண்ணைகளில் ஓடும் நான்கு சக்கரக் காட்டு வண்டிகளுக்கு அது ஒரு முன்னோடி. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து விபத்துகள் பெருகியதால், 1988இல் அங்கே புதியவற்றின் விற்பனை நின்றது. ஆனால் எஞ்சினை யாரும் குறை சொல்லவில்லை. சேற்றில் உழன்ற அந்தப் பழைய வண்டியின் மேல்பாகத்தைத் திறந்து பூட்டுகிற முறையும், நமது மலையில் ஓடும் 90இன் மேல்பாகத்தைத் திறந்து பூட்டுகிற முறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

புகை பேசும்

திறப்பதற்கு முன் புகையைப் படிக்கப் பழகுங்கள். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடிவிட்டது. காப்ரேட்டரையும் காற்று வடியையும் பாருங்கள். எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவி, எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. பயப்பட வேண்டாம்.

நீலப் புகைதான் ஒயில் எரிகிற புகை. அதிலும் இரண்டு வகை உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதும், நீண்ட இறக்கம் இறங்கி மறுபடி முறுக்கும்போதும் மட்டும் நீலப் புகை வந்தால், வால்வுத் தண்டு வழியாக ஒயில் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். மேடேறும்போது, பாரம் இழுக்கும்போது விடாமல் வந்தால், ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம்.

இதை உறுதி செய்ய ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, கம்பிரஷன் மானியை வைத்து, திராட்டிலை முழுக்கத் திறந்து, கிக்கரைப் பலமுறை மிதித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி மிதியுங்கள். அளவு நன்றாக ஏறினால் குற்றம் ரிங்கில். ஏறாவிட்டால் குற்றம் பெரும்பாலும் வால்வில். அந்தப் பையனின் வண்டியில் ஒயில் விட்டதும் அளவு சட்டென்று ஏறியது. "உங்க எஞ்சின் சாகலம்மா, ரிங்குதான் போயிருக்கு" என்று அந்தத் தாயிடம் அப்போதே சொன்னோம். அவர் நம்பவில்லை. திறந்து காட்டும் வரை நம்ப வேண்டாம் என்று நாங்களும் சொன்னோம்.

திறக்கும் முறை

முதலாவது வேலை கழுவுவது. வெளியே ஒட்டியிருக்கும் மண்ணும் ஒயிலும் போகக் கழுவி, துடைத்து, உலர விடுங்கள். அழுக்கு எஞ்சினைத் திறந்தால் அழுக்கு உள்ளே போகும்.

இரண்டாவது, ஒரு பழைய சாக்கை விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணி விரியுங்கள். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். அட்டைத்துண்டில் ஹெட்டின் படத்தை வரைந்து, எந்த நட்டு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைப்பது எங்கள் பழக்கம். எல்லா நட்டும் ஒன்றல்ல, எல்லா வளையமும் ஒன்றல்ல. ஒயில் வழிக்கு மேல் இருந்த செம்பு வளையத்தை வேறிடத்தில் போட்டால் அங்கே ஒயில் கசியும்.

இந்த வகை எஞ்சின் படுத்திருக்கிற எஞ்சின். ஆகவே மேல்பாகத்தைக் கழற்ற முழு எஞ்சினையும் இறக்க வேண்டியதில்லை. ஒயிலை வடித்து, முன் மறைப்பையும் சைலன்சரையும் காப்ரேட்டரையும் கழற்றுங்கள். இடது பக்க மூடியைத் திறந்து, காந்தச் சக்கரத்தில் உள்ள 'டி' என்ற ஆங்கில எழுத்துக் கோட்டை, உறையில் உள்ள அடையாளத்துக்கு நேரே கொண்டு வாருங்கள். பக்கத்தில் 'எஃப்' என்று இன்னொரு கோடு இருக்கும். அது பிளக் நெருப்பு விடும் கோடு. ஏமாந்துவிட வேண்டாம். 'டி' நேராக நிற்கும்போது, கேம் பற்சக்கரத்தில் உள்ள வட்ட அடையாளம் ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்து மனதில் பதித்துக்கொண்ட பிறகு பற்சக்கரத்தைக் கழற்றுங்கள். சங்கிலி உள்ளே விழுந்துவிடாமல் ஒரு கம்பியில் கட்டி விடுங்கள்.

ஹெட்டின் நான்கு நட்டுகளையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். குறுக்கும் மறுக்குமாக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் அலுமினிய ஹெட் வளைந்து போகும். நான்கும் கழன்ற பின்னும் ஹெட் அசையாவிட்டால் ஸ்குரூட்ரைவரை இடுக்கி நெம்பாதீர்கள். பக்கத்தில் ஒரு சின்ன போல்ட் ஒளிந்திருக்கும். அதை மறந்து நெம்பி, கெஸ்கட் உட்காரும் முகத்தைக் காயப்படுத்திய எத்தனையோ ஹெட்டுகளை நாங்கள் பார்த்துவிட்டோம்.

சிலிண்டரை உருவியதும், கீழே திறந்திருக்கும் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் ஊசியைப் பிடிக்கும் சின்னக் கிளிப் துள்ளி உள்ளே விழுந்தால், மேல்பாக வேலை கீழ்ப்பாக வேலையாகிவிடும். அந்தக் கிளிப் போனால் ஒரு நாள் போச்சு.

உள்ளே என்ன இருந்தது?

பையனின் சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால், மேல் ரிங் திரும்பும் இடத்தில் ஒரு படி தட்டுப்பட்டது. சுவர் முழுவதும் நெடுக்காகக் கீறல்கள். ஒயிலில் விரலை விட்டுத் தேய்த்தால் நரநரவென்றது. அது மண்.

"காற்று வடி எங்கேப்பா?" என்று கேட்டோம்.

"அது இருந்தா வண்டி இழுக்கலைன்னு கழட்டிப் போட்டுட்டேனுங்க."

இதுதான் காரணம். நமது தோட்டத்து ரோட்டில் வெயில் காலத்தில் எழும்பும் புழுதி, கண்ணுக்குத் தெரியாத அரம். வடி இல்லாத எஞ்சின் அதை மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுக்கிறது. அது ஒயிலோடு கலந்து சிலிண்டரையும் ரிங்கையும் அராவித் தள்ளுகிறது. வடி அடைத்துக்கொண்டதால்தான் வண்டி இழுக்கவில்லை. செய்ய வேண்டியது அதைத் துப்புரவாக்குவது அல்லது மாற்றுவது. கழற்றி எறிவது அல்ல. சின்னச் சாமான் ஒன்றை எறிந்தது, தாயின் சங்கிலியைக் கேட்கும் அளவுக்கு வந்து நின்றது.

பிறகு அளந்தோம். இந்தச் சிலிண்டரின் துவாரம் புதிதில் 50 மி.மீ. பிஸ்டன் போய் வரும் தூரம் 45.6 மி.மீ. அதனால்தான் கொள்ளளவு 89.5 கன செ.மீ. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், நெடுக்கும் குறுக்குமாக அளக்க வேண்டும். மேலேதான் தேய்மானம் அதிகம். பையனின் சிலிண்டர் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தது. ரிங்கை மட்டும் மாற்றினால் போதாது. முட்டைத் துவாரத்தில் வட்ட ரிங் அடைக்காது.

அளவுக் கருவி இல்லாதவர்கள் ரிங்கை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் தகட்டால் அளந்து பாருங்கள். புது ரிங்கில் 0.15 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கலாம். 0.5ஐத் தாண்டினால் அந்த ரிங் ஓய்வு பெற வேண்டியது.

லேத் பட்டறைக்குப் போகும்போது

சிலிண்டரைக் கடைவது நமது வேலை அல்ல. அது லேத் பட்டறை வேலை. ஆனால் எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெரிதாக்கிய பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் வருகின்றன. முதலில் பிஸ்டனை வாங்குங்கள். பிறகு பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துக் கொண்டுபோய், "இந்தப் பிஸ்டனுக்கு ஏத்த மாதிரி கடைஞ்சு, ஹோன் பண்ணிக் கொடுங்க பாஸ்" என்று சொல்லுங்கள். கடைந்த பிறகு பிஸ்டன் தேடுவது, செருப்புக்கு ஏற்றபடி காலைத் தேடுவது மாதிரி. ஒவ்வொரு பிஸ்டனும் நுணுக்கமாகச் சற்று வித்தியாசப்படும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் தலைமயிரின் தடிப்பை விடக் குறைந்த இடைவெளிதான் இருக்க வேண்டும்.

ஹோன் பண்ணிய சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஒயில் தங்கும். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு, துணியில் கறுப்புப் படியாத வரை கழுவுங்கள். பெற்றோல் ஊற்றி அலசினால் கடைந்த தூள் கோடுகளுக்குள் தங்கிவிடும். கழுவித் துடைத்த உடனே ஒயில் பூசுங்கள். நமது ஈரக் காற்றில் அரை மணித்தியாலத்தில் துரு மின்ன ஆரம்பித்துவிடும்.

பையனின் வண்டிக்கு 0.50 போட வேண்டி வந்தது. இன்னும் இரண்டு படிகள் மிச்சம் இருக்கின்றன.

வால்வு: பெண் பிள்ளைகளின் கைவண்ணம்

வால்வு தேய்க்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும். எங்கள் பட்டறையில் இந்த வேலையை மிக நேர்த்தியாகச் செய்பவர்கள் இரண்டு யுவதிகள். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்களுக்கு, அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை.

ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றும்போது, எது உள் வால்வு, எது வெளி வால்வு என்று பிரித்து வையுங்கள். கரியைச் சுரண்டி எடுங்கள். வால்வைச் சற்றுத் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வழிகாட்டிக் குழாய் தேய்ந்திருக்கிறது. நல்லதாக இருந்தால், வால்வு முகத்தில் தேய்ப்புப் பசையைக் கொஞ்சமாகத் தடவி, ரப்பர் பிடித் தடியால் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துக் கடைவது போல இப்படியும் அப்படியும் உருட்டுங்கள். அவ்வப்போது தூக்கி, இடம் மாற்றி வையுங்கள். வால்விலும் இருக்கையிலும் உடையாத சாம்பல் நிற வளையம், சுமார் ஒரு மி.மீ. அகலத்துக்கு வந்தால் போதும். பசையில் ஒரு துணுக்குக்கூட மிஞ்சாமல் துடைத்துக் கழுவ வேண்டும். மிஞ்சினால் அது நமது புதுச் சிலிண்டரைத் தின்னும்.

ஸ்பிரிங்கைப் பூட்டிய பிறகு, ஹெட்டைக் கவிழ்த்து, குழாய் வாய்வழியாகக் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். வால்வு ஓரத்தில் கசியாவிட்டால் வேலை சரி.

எங்கள் தவறு

இங்கே எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஆரம்ப நாளில் நாங்கள் பூட்டிய எஞ்சின்களில் ஒன்று, தோட்டங்களுக்குப் பாண் கொண்டு போகிற ஒருவருடையது. ஒயில் கசியக் கூடாது என்ற ஆசையில், கெஸ்கட்டின் இரண்டு பக்கமும் பசையைத் தாராளமாகப் பூசி இறுக்கினோம். ஒரு சொட்டும் கசியவில்லை. பெருமைப்பட்டோம். இரண்டு கிழமையில் வண்டி திரும்பி வந்தது. மேலே தட்டுகிற சத்தம். திறந்தால் கேமும் அதன் மேல் உரசும் கைகளும் வெந்து, பள்ளம் விழுந்து கிடந்தன. பிதுங்கிய பசை, ஹெட்டுக்கு ஒயில் ஏறும் சின்னத் துவாரத்தை அடைத்திருந்தது.

கேமை எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தோம். ஆனால் வண்டி நின்ற நாட்களில் அவர் இழந்த வியாபாரத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவர் சண்டை பிடிக்கவில்லை. "அடுத்த ஆளுக்குச் செய்யும்போது பாத்துச் செய்யுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

ஆகவே சொல்கிறோம்: ஒயில் துவாரத்துக்கு ரப்பர் வளையம் இருக்கிறது. அதைப் புதிதாகப் போடுங்கள். கெஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். இரண்டு முகமும் சுத்தமாகவும் மட்டமாகவும் இருந்தால் பசை வேண்டியதில்லை. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்சட்டம் வைத்து ஃபீலர் தகட்டால் பாருங்கள். பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஒயில் துவாரத்திலும் வாய் வைத்து ஊதி, காற்று வருகிறதா என்று பாருங்கள்.

பூட்டும்போது

பிஸ்டனின் தலையில் 'ஐ-என்' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்தப் பக்கம் காப்ரேட்டர் பக்கமாக, அதாவது உள் வால்வுப் பக்கமாக இருக்க வேண்டும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். புதுக் கிளிப்பின் வாயும் பிஸ்டனில் உள்ள வெட்டும் ஒன்றாக நிற்கக் கூடாது. ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே. ரிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கு நேரே ஒன்று நிற்காமல், வட்டத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, மூன்று தரமாக, கைநூலில் உங்கள் எஞ்சினுக்குச் சொன்ன அளவுக்கு டோர்க் சாவியால் இறுக்குங்கள். "இன்னும் ஒரு இழுப்பு" என்று இழுத்து அலுமினியப் புரியைப் பிடுங்கியவர்கள் பலர்.

'டி' கோடும் கேமின் வட்டமும் முன்பு பார்த்தபடியே நேராக நிற்கிறதா? பற்சக்கரத்தைப் பூட்டிய பின் கிக்கரைத் தொடாதீர்கள். கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது முட்டினால் நிறுத்துங்கள். பலவந்தப்படுத்த வேண்டாம். வால்வு பிஸ்டனில் முட்டுகிறது. சங்கிலியை மறுபடி பாருங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் கிக்கரை மிதித்தால், வளைந்த வால்வோடு திரும்பவும் கடைக்குப் போக நேரிடும்.

கடைசியாக வால்வு இடைவெளி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், இரண்டுக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு லேசான பிடிப்போடு போய் வர வேண்டும். சத்தம் வரக் கூடாது என்று சிலர் இறுக்கி விடுவார்கள். சூட்டில் தண்டு நீளும். இறுக்கிய வால்வு முழுதாக மூடாது, எரியும். இலேசாக டிக் டிக் என்கிற வால்வு பிழைக்கும். சத்தமில்லாத வால்வைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஓட்டிப் பழக்குதல்

ஒயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, ஹெட்டுக்கு ஒயில் ஏறுகிறதா என்று பாருங்கள். முதல் 500 கிலோமீற்றருக்கு எஞ்சினைப் புதுப் பிள்ளை பெற்ற தாயைப் போல நடத்துங்கள். முழு முறுக்கு வேண்டாம். பாரம் வேண்டாம். ஆளை ஏற்றிக்கொண்டு ரம்பொடை மேட்டில் இழுக்க வேண்டாம். அதற்காக ஒரே வேகத்தில் ஊர்வதும் நல்லதல்ல. ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சுவரோடு படியும். முதல் ஒயிலைச் சில நூறு கிலோமீற்றரிலேயே மாற்றுங்கள். இந்த எஞ்சினில் கிளச்சும் கியரும் அதே ஒயிலில்தான் குளிக்கின்றன. கொள்வது ஒரு லீற்றருக்கும் குறைவு. ஆகவே அது சீக்கிரம் அழுக்காகும்.

இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு வருவதை விட்டுவிடுங்கள். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டும் பிடித்தால் அது சூடேறிக் கைவிடும். நமது வளைவுகளில் அதற்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

லயத்தில் வேலை செய்பவர்களுக்கு

சாமான் கழுவப் பெற்றோலைப் பயன்படுத்தாதீர்கள். மண்ணெண்ணெய் போதும். அதையும் வெளியே, அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தூரத்தில் வைத்துச் செய்யுங்கள். பெற்றோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுத்த காம்பரா அடுப்பிலும் பற்றும். ஒரு காம்பராவில் பிடித்தால் முழு லயமும் போகும். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட விட்டுச் சோதிக்காதீர்கள். அந்தப் புகையில் மணமில்லாத நஞ்சு இருக்கிறது. கழிவு ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். கீழ் லயத்துப் பீலித் தண்ணீர் அந்தக் கானைத் தாண்டித்தான் வருகிறது.

முடிவாக

அந்த ஹொண்டா 90 மூன்றாம் நாள் ஸ்டார்ட் ஆனது. பிஸ்டன், ரிங், கெஸ்கட், லேத் கூலி, புதுக் காற்று வடி எல்லாம் சேர்த்து, வேறு எஞ்சினுக்குக் கேட்ட தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. அதையும் பையன் மூன்று தவணையாகக் கட்டினான். சைலன்சரின் பின்னால் அந்தத் தாய் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். துணியில் நீலமும் இல்லை, ஒயிலும் இல்லை. எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மகனைப் பார்த்து, "அந்த வடியைக் கழட்டினே, உன் கையை ஒடிச்சிருவேன்" என்றார்.

எல்லா எஞ்சினும் பிழைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கிராங்க் போனது, உறை வெடித்தது என்றால் செலவு செய்வது வீண் என்று நாங்களே சொல்வோம். ஆனால் திறந்து பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள். கராஜில் கொடுத்தால் என்ன மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். நேர்மையான பாஸ்மார் அதற்குக் கோபிக்க மாட்டார்கள்.

கம்பிரஷன் மானி, ஃபீலர் தகடு, டோர்க் சாவி ஆகியவற்றை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. ஒரு டிவிஷனுக்கு ஒரு செட் போதும். இளைஞர் கழகம் சேர்ந்து வாங்கி, ஒரு கொப்பியில் பெயர் எழுதிக் கொடுத்து வாங்கலாம். பிளேன்டி குடித்துவிட்டு வெளியே வாருங்கள். இன்று ஒரு எஞ்சினை உங்கள் கையாலேயே திறக்கப்போகிறீர்கள். சாக்கும் வெள்ளைத் துணியும் விரித்தாயிற்று.